மூன்று மில்லிமீட்டர் அமுங்கட்டும்: பழைய ஸ்பிட்ஃபயருக்கு மதுரையிலேயே என்ஜின் மவுண்டிங் செய்யும் முறை

வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்குகிறது. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் காலுக்கடியில் ‘டொக்’ என்று ஓர் அடி விழுகிறது. பழைய வண்டியில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் எட்டிப் பார்க்க வேண்டியது என்ஜின் மவுண்டிங்கை. என்ஜினுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ரப்பர் கட்டை அது. மேலும் கீழும் இரும்புத் தகடு, நடுவில் ரப்பர். பார்த்தால் ஒன்றுமில்லாத பொருள்தான்.

என் மாமாவிடம் இருப்பது 1969ஆம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான இரண்டு இருக்கை வண்டி. நம் சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இதற்கும் சட்டம் ஒரே வம்சம். அதனால் ஹெரால்டை அவிழ்த்துப் பழகிய வயதான மெக்கானிக்குகளுக்கு இது ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்த மவுண்டிங் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தகட்டிலிருந்து தோல் உரிந்ததுபோல் கழன்றுவந்தது. பொருளின் விலையைவிடத் தபாலுக்கும் சுங்கத்துக்கும் கொடுத்தது அதிகம் என்பதால் மாமா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகுதான் இங்கேயே செய்துவிடலாம் என்று இறங்கினோம். முதல் முயற்சியில் தவறினோம், இரண்டாவதில் சரியாக வந்தது. புதிதாக இறங்குபவர்கள் அந்த முதல் தவறைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வண்டிக்கு நல்ல மவுண்டிங் கடையில் கிடைக்கிறதென்றால் வாங்கிப் போட்டுவிடுங்கள். கிடைக்காதவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

குற்றம் ரப்பருடையதுதானா?

நடுக்கம் என்றதும் மவுண்டிங் மேல் பழிபோடுவது சுலபம். இரட்டைக் கார்புரேட்டர் வண்டியில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டாலும் இதே நடுக்கம் வரும். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டாலும் வரும். அவற்றைச் சரிசெய்துவிட்டுத்தான் ரப்பருக்கு வர வேண்டும்.

சோதிப்பது எளிது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைப்பிரேக்கை இழுத்து, ஒருவர் பிரேக்கை மிதித்தபடியே முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டுப் பிடிக்கட்டும். அடுத்து ரிவர்ஸ் கியரில் அதே மாதிரி. நீங்கள் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பாருங்கள். வண்டிக்கு நேர் எதிரே நிற்கவே கூடாது. என்ஜின் ஒரு விரல் அகலத்துக்கு மேல் தூக்கிப் போட்டாலோ, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ சந்தேகமே வேண்டாம். ரேடியேட்டரில் விசிறி உரசிய வட்டத் தடம் இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. இந்த வண்டியில் விசிறி என்ஜினோடு சேர்ந்தே ஆடும், ரேடியேட்டரோ சட்டத்தோடு நிற்கும்.

பழைய ரப்பரின் உயரத்தை நகலெடுக்காதீர்கள்

பெரும்பாலோர் பழையதைக் கழற்றி லேத் பட்டறைக்காரர் கையில் கொடுத்து ‘இதே மாதிரி ஒன்று’ என்பார்கள். அது ஐம்பது வருடம் சுமந்து நிரந்தரமாக அமுங்கிப்போன ரப்பர். அதன் உயரத்தை நகலெடுத்தால் புதிய என்ஜின் மவுண்டிங்கும் முதல் நாளிலேயே ஐம்பது வயதில் இருக்கும்.

தகட்டின் அளவு, துளைகளின் இடைவெளி, ஸ்டட்டின் (தகட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையாணி) தடிமன் ஆகியவற்றை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை வண்டியிடம் கேளுங்கள். மேலே செயின் புளாக் கட்டி என்ஜினைத் தாங்கிப் பிடித்து, மவுண்டிங்குகளைக் கழற்றி, விசிறியின் நடு ரேடியேட்டரின் வளையத்துக்கு நடுவில் வரும்வரை மெல்ல ஏற்றுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் எங்கும் இடிக்கக் கூடாது. கிளட்ச், கியர் லிவர் எல்லாம் இயல்பாக அசைய வேண்டும். அந்த நிலையில் இரண்டு பக்கமும் தகட்டுக்குத் தகடு உள்ள இடைவெளியை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். அது எடை ஏறிய பிறகு இருக்க வேண்டிய உயரம். எடை இல்லாத உயரம் இதைவிட மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

செயின் புளாக் இல்லையென்று ஆயில் சம்ப்புக்கு அடியில் நேராக ஜாக்கி கொடுக்காதீர்கள். அது மெல்லிய தகடு, குழிந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் அகலமான பலகை வைத்துத் தூக்குங்கள்.

இதே சாக்கில் எடையையும் பார்த்துவிடலாம். பழைய இரும்புக் கடையில் தொங்கவிட்டு எடைபோடும் டிஜிட்டல் தராசு இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டால் கொடுப்பார்கள். செயினுக்கும் என்ஜினுக்கும் நடுவே அதைக் கோத்து, முன் மவுண்டிங்குகள் இரண்டிலும் பாரம் சரியாக நீங்கும் கணத்தில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸ் வால் அதன் மவுண்டிங்கிலேயே இருக்கட்டும். காட்டும் எடையில் பாதி, ஒரு பக்கத்துக்கான பங்கு. கீழே உள்ள கணக்கில் ஒரு பக்கத்துக்கு 50 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்த தவறு

ஜெனரேட்டர், கம்ப்ரஸர் ஆகியவற்றின் அடியில் போடும் உருளை மவுண்டிங் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. வட்ட ரப்பர், இரு முனையிலும் ஸ்டட். 50 மி.மீ. விட்டம், 30 மி.மீ. ரப்பர் உயரம் கொண்ட ஒன்று எங்கள் இடைவெளிக்குப் பொருந்தியது. ‘எத்தனை ஷோர் வேண்டும் தம்பி?’ என்று கடைக்காரர் கேட்டார். ஷோர் ஏ என்பது ரப்பரின் கடினத்தை அளக்கும் எண். கடினமாக இருந்தால் நாளைக்குத் தாங்கும் என்று நினைத்து 60 என்றேன். மாட்டி ஓட்டினால் வண்டி டிராக்டராகிவிட்டது. கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிந்தது.

மவுண்டிங் தாங்கிப் பிடிக்கத்தான் இருக்கிறது என்று நினைத்ததுதான் தவறு. தாங்குவதற்கு ஓர் இரும்புத் துண்டு போதுமே. அசையவிடுவதற்குத்தான் ரப்பர்.

கணக்கு இதுதான். நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓய்வாக ஓடினால் வினாடிக்குச் சுமார் 27 உதைகள். ரப்பர் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கும் தனக்கென ஓர் இயல்பான ஆட்டம் உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பதுபோல. உதையின் வேகம் அந்த ஆட்டத்தின் வேகத்தைப்போல் 1.41 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கவே ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இருந்தால் குறைப்பதற்குப் பதில் கூட்டிக் கொடுக்கும். ஆகவே இயல்பான ஆட்டம் வினாடிக்கு 19க்குக் கீழே இருந்தாக வேண்டும். 10, 11 என்றிருந்தால் நிம்மதி.

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எடை ஏறியதும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்று கிடைத்துவிடும். 2.7 மி.மீ. அமுங்கினால் 9.6. அதிரும்போது ரப்பர் நின்ற நிலையைவிடக் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் நடைமுறையில் 11 என்று கொள்ளலாம். அப்போது உதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சட்டத்துக்குப் போகும். முன்பு சொன்ன மூன்று மில்லிமீட்டர் இங்கிருந்து வந்ததுதான். வெறும் 1.4 மி.மீ. அமுங்கினால் ஆட்டம் 15, 16க்கு ஏறி, உதையில் பாதி உள்ளே வந்துவிடும். எங்கள் 60 ஷோர் கட்டை செய்தது அதைத்தான்.

அமுக்கத்தை முன்கூட்டியே கணிக்க வடிவத்தையும் பார்க்க வேண்டும். ரப்பர் நசுங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடமில்லாத தட்டையான கட்டை விறைக்கும், உயரமான கட்டை இளகும். உருளைக்கு வடிவ எண் என்பது விட்டத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்தது. 50ஐ 120ஆல் வகுத்தால் 0.417. இதன் வர்க்கம் 0.174. 50 ஷோர் ரப்பரின் அடிப்படை மீள்மை எண் சதுர மில்லிமீட்டருக்கு 2.2 நியூட்டன், வடிவத் திருத்த எண் 0.73. திருத்த எண்ணை இரட்டித்து 0.174ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டி, 2.2ஆல் பெருக்குங்கள், 2.76 வரும். அதைப் பரப்பளவான 1963ஆல் பெருக்கி உயரமான 30ஆல் வகுத்தால், மில்லிமீட்டருக்கு 180 நியூட்டன். 50 கிலோ என்பது 490 நியூட்டன். ஆக, 2.7 மி.மீ. அமுங்கும். நாம் தேடிய மூன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இதையே 60 ஷோருக்குப் போட்டால் (அடிப்படை எண் 4.45, திருத்தம் 0.57) மில்லிமீட்டருக்கு 349 வரும். அளவும் வடிவமும் மாறவில்லை, கடினத்தில் பத்துப் புள்ளிதான் கூடியது, விறைப்பு இரட்டிப்பாகிவிட்டது. பாலியூரித்தேன் போடுங்கள், ரேஸ் வண்டியில் போடுகிறார்கள் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 80, 90 ஷோரில் வார்த்த கட்டை ரேஸ் வண்டிக்குச் சரி. கோச்சடை வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறவருக்கு வேண்டாம்.

உங்கள் வண்டியின் பிராக்கெட் சாய்வாக இருந்தால் ரப்பர் பாதி அமுங்கும், பாதி நழுவும். நழுவும் திசையில் ரப்பர் மிக இளக்கம். இதே கட்டைக்கு மில்லிமீட்டருக்கு 42 நியூட்டன்தான். 30 பாகை சாய்வில் செங்குத்து விறைப்பு 180இலிருந்து சுமார் 146க்கு இறங்கும். அதற்குத் தகுந்தபடி விட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். என்ஜின் மேலும் கீழும் ஆடுவதோடு உருளவும் செய்கிறது, அந்தக் கணக்கு தனி. புதியவர்களுக்கு இந்த அமுக்கக் கணக்கு போதும். எங்கள் வண்டிக்குப் போதுமானதாகவே இருந்தது.

அச்சும் ரப்பரும்

ஆயத்த உருளை 50 ஷோரில் கிடைத்தால், இரண்டு இணைப்புத் தகடு வெட்டி மாட்டி வேலையை முடித்துவிடலாம். அதைவிட மலிவான வழி கிடையாது. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் 60க்கு மேல். ஆகவே வார்த்தோம்.

ரப்பர் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலையே இருக்கிறது. கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளைச் சுற்றி வந்தால், ரப்பர் கலவையை, அவர்கள் மொழியில் காம்பவுண்டை, விரலால் அழுத்தியே ஷோரைச் சொல்லும் ஆட்களைப் பார்க்கலாம். வண்டிக்கு இரண்டு, உபரிக்கு இரண்டு, ஆக நான்கு துண்டுதானா என்று முதலில் சலித்துக்கொள்வார்கள். பழைய கார் என்று சொல்லிப் படத்தைக் காட்டுங்கள், முகம் மாறும்.

செலவில் பெரும்பங்கு அச்சுக்குத்தான். அதனால் ரப்பரை வட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வட்டமென்றால் மைல்டு ஸ்டீலில் லேத்திலேயே கடைந்துவிடலாம். சதுரம், சாய்வு என்று கேட்டால் மில்லிங், அதற்குமேல் வேறொரு இயந்திரம் என்று கூலி ஏறும். ஆறியதும் ரப்பர் சுமார் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும், அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகக் கடையச் சொல்லுங்கள். ரப்பர் தகட்டைத் தொடும் விளிம்பில் கூர்மூலை வேண்டாம். 2 மி.மீ. வளைவு கொடுங்கள், கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

அதிர்வைத் தாங்க இயற்கை ரப்பரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பழைய வண்டி எண்ணெய் ஒழுகாமல் இருக்காது. மவுண்டிங்குக்கு நேர் மேலே ஒழுக்கு இருந்தால் ஒன்று ஒழுக்கை நிறுத்துங்கள், இல்லையென்றால் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பருக்குப் போங்கள். சித்திரை வெயிலில் பானெட்டுக்கு அடியில் இருக்கும் சூடு உங்களுக்கே தெரியும். எக்ஸாஸ்ட் பக்கத்து ரப்பருக்கு ஓர் அலுமினியத் தகட்டை மறைப்பாகக் கட்டுவது நல்லது. மறைப்புக்கும் ரப்பருக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தகட்டோடு ரப்பர் ஒட்டுவது. தபாலில் வந்தது செத்தது இங்கேதான். தகட்டை மணல் வீசித் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கி, முதல் பூச்சு, அது காய்ந்ததும் பசைப் பூச்சு, பிறகு தாமதிக்காமல் அச்சுக்குள். தேய்த்த தகட்டை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய் போதும், அந்த இடம் ஒட்டாது. சாண்ட் பிளாஸ்டிங் ஒரு பட்டறையில், வார்ப்பது இன்னொன்றில் என்றால், நடுவில் தகடு ஒரு ராத்திரி கிடந்து துரு பிடிக்கும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். நானே ஸ்கூட்டரில் துணி சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிரஸ்ஸில் சுமார் 150 பாகை செல்சியஸில் வேக வேண்டும். 30 மி.மீ. தடிமனில் வெளித்தோல் வெந்து நடு வேகாமல் போவதுண்டு, அவசரத்தில் எடுத்த பணியாரம் மாதிரி. ஆகவே நான்குக்குப் பதில் ஐந்து வார்க்கச் சொல்லி, ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே பஞ்சுபோல் துளைகள் இருந்தால் நேரம் போதவில்லை. ஒரு துண்டு வீணாகிறதே என்று மாமா முணுமுணுத்தார். வெட்டிய பாதியை இப்போது கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுத்திருக்கிறார்.

கிழிந்தால் பிடிக்க ஒரு கொக்கி

இதை விட்டுவிட்டு எதுவும் செய்யாதீர்கள். முதல் கியரில் சட்டென்று கிளம்பும்போது என்ஜினின் முறுக்கம் கியரில் பெருகி, அதன் எதிர்வினையாக என்ஜின் சாயப் பார்க்கும். முறுக்கம் 100 நியூட்டன் மீட்டர், முதல் கியர் மூன்றரை மடங்கு என்றால் 350. மவுண்டிங்குகளுக்கு நடுவே 40 செ.மீ. இருந்தால் ஒரு பக்கம் 875 நியூட்டன், அதாவது சுமார் 89 கிலோ மேலே தூக்கும், மறுபக்கம் அதே அளவு அழுத்தும். கியர்பாக்ஸ் மவுண்டிங் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்ளும், ஆனால் கணக்கில் அதை நம்ப வேண்டாம். உட்கார்ந்திருப்பது 50 கிலோ, தூக்குவது 89. ஆகவே ஒரு பக்க ரப்பர் இழுபடுகிறது. நீளவாட்டில் என்ஜின் வைத்த, பின் சக்கரம் ஓடும் வண்டிகளில் பொதுவாக அது இடப் பக்கம். ரப்பரும் பசையும் இழுவைக்குப் பலவீனமானவை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1971 டிசம்பரில் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். மவுண்டிங் கிழிந்து என்ஜின் எழும்ப, ஆக்ஸிலரேட்டர் இணைப்பு இழுபட்டுச் சிக்கி, வண்டி தானாக வேகமெடுத்தது. அவர்கள் கண்ட தீர்வு, என்ஜினை எழும்பவிடாமல் பிடிக்க ஒரு கம்பிக் கயிறு.

நமக்கு 5 மி.மீ. தகட்டில் வளைத்த ‘ப’ வடிவப் பட்டை போதும். கீழ்த்தகட்டோடு போல்ட் போட்டு, மேல்தகட்டின் நுனிக்கு மேலே வளைந்து நிற்கும்படி வையுங்கள். இரண்டு பக்கமும் வேண்டும். மேல்தகட்டுக்கும் பட்டைக்கும் 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். நம் கணக்கின்படி என்ஜின் இயல்பாக எழும்புவது சுமார் 5 மி.மீ., அதற்கு இடம் வேண்டும். அதற்குமேல் போனால் இரும்பு பிடித்துக்கொள்ளும். போல்ட்டுகள் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது.

சிமெண்ட் மூட்டைச் சோதனை

வந்த மவுண்டிங்கை வண்டியில் மாட்டும் முன் சோதிக்க, ஆய்வகம் தேட வேண்டியதில்லை. நான்கு மவுண்டிங்கையும் சமமான சிமெண்ட் தரையில் பலகையின் நான்கு மூலைக்கு அடியில் நிறுத்துங்கள். ஸ்டட்டுகளுக்குக் கீழும் மேலும் துளையிட்ட கட்டை வேண்டும். பலகையின் உயரத்தை நான்கு மூலையிலும் அளந்துகொண்டு, மேலே நான்கு சிமெண்ட் மூட்டைகளை ஏற்றுங்கள். மூட்டைக்கு 50 கிலோ, ஆக ஒரு மவுண்டிங்குக்கு 50. பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

காம்பவுண்டில் ஐந்து புள்ளி ஏற்றத்தாழ்வு வருவது சகஜம். 45 ஷோராக வந்திருந்தால் 3.3 மி.மீ. அமுங்கும், 55 ஆக வந்திருந்தால் 1.9. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையே இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். ஒரே ஜோடியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக அமுங்குகிறதா என்பதையும் பாருங்கள், மூட்டையைத் தூக்கிய பின் ரப்பர் நிமிர்கிறதா என்பதையும் பாருங்கள்.

மாட்டும்போது போல்ட்டுகளைத் தளர்வாகவே கோத்து, என்ஜினை இறக்கி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்குங்கள். முதலிலேயே முறுக்கினால் ரப்பர் திருகிய நிலையிலேயே காலம் தள்ளும். எக்ஸாஸ்ட் பிராக்கெட்டையும் அதே நேரத்தில் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். அது விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தால் எத்தனை நல்ல மவுண்டிங்கும் பயனில்லை.

ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. என்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையே எர்த் பட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர், சோக் கேபிள்கள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பழுக்கவைக்கும். எங்கள் வண்டியில் சோக் கேபிள் புகைந்தது, நல்ல வேளை மாமா அப்போது உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

ரப்பருக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓட்டிப் பார்க்க நான்கு வழிச்சாலை உதவாது. அங்கே மேல் கியரில் எந்த மவுண்டிங்கும் நல்லபிள்ளை. நாங்கள் திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறினோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறும் முதல், இரண்டாம் கியர். திரும்பிவந்து பானெட்டைத் திறந்தால் கோடு உடையாமல் இருந்தது. 500 கிலோமீட்டரில் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கினோம், அரைச்சுற்றுகூடப் போகவில்லை. உபரி ஜோடியைக் கறுப்பு பாலித்தீனில் சுற்றி, பம்ப்செட் மோட்டார் இல்லாத இருட்டு அறையில் வைத்திருக்கிறோம். மோட்டாரில் மின்பொறி பறந்தால் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.